தென்பெருங்கடலுக்கு வரைபடத்தில் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் உலகப் பெருங்கடல்கள் பற்றி வந்த கட்டுரையையும் அதோடு போட்டிருந்த வரைபடத்தையும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெருங்கடல்கள் ஐந்து என்று கட்டுரை சொல்கிறது, சரி. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் வரைபடத்தில் பசிபிக், அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல் மூன்றும் அண்டார்டிகாவின் கரை வரைக்கும் இறங்கி நிற்கின்றன. மேலே ஆர்க்டிக் பெருங்கடலுக்குப் பெயர் போட்டிருக்கிறீர்கள், கீழே ஐந்தாவது கடலுக்குப் பெயரும் இல்லை, இடமும் இல்லை. படிக்கிற பிள்ளை எதை நம்பும்? செய்திப் பக்கங்களிலும் இதே குழப்பம்தான். பனிப்பாறை உடைந்த செய்தியில் 'அண்டார்டிக் கடல்', திமிங்கிலச் செய்தியில் 'தெற்குப் பெருங்கடல்', பருவநிலைச் செய்தியில் 'தென்துருவக் கடல்' என்று எழுதினால், மூன்றும் மூன்று கடல் என்றுதானே வாசகர் நினைப்பார்?

தென்பெருங்கடல் என்ற ஒரே பெயரில், தனிப் பெருங்கடலாக, வரைபடத்திலும் செய்தியிலும் அதைக் காட்டுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு எப்போதும் ஒரே பதில்தான் வருகிறது: 'அது தனிக் கடலா என்ன, மூன்று கடல்களின் அடிப்பகுதி, யாரோ ஒரு கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள்.'

மற்ற கடல்களுக்கு நிலம் எல்லை. அமெரிக்கக் கண்டங்கள் இந்தப் பக்கம், ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் அந்தப் பக்கம், நடுவில் அட்லாண்டிக் என்று கையை வைத்துக் காட்டிவிடலாம். தென்பெருங்கடலுக்கு வடக்கே அப்படிக் காட்ட ஒரு கரை கிடையாது. அதனால்தான் பலருக்கு அது கடலாகவே படுவதில்லை. ஆனால் அதற்கு நிலத்தைவிட உறுதியான ஒரு எல்லை இருக்கிறது, அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அண்டார்டிகாவைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் துருவச் சுற்று நீரோட்டத்தைச் சொல்கிறேன். உலகத்தைச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே மறுபடி சேருகிற நீரோட்டம் பூமியில் இது ஒன்றுதான், வேறு எங்கே ஓடினாலும் ஏதாவது ஒரு கண்டம் குறுக்கே வந்து திருப்பிவிடும். நொடிக்கு 13 கோடி கன மீட்டருக்கு மேல் தண்ணீர் அதில் போகிறது. உலகத்து ஆறுகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அதில் நூறில் ஒரு பங்கு கூட வராது. மேற்பரப்பில் மட்டும் ஓடுகிற ஓட்டமும் இல்லை, பல இடங்களில் கிட்டத்தட்ட கடலடி வரைக்கும் இறங்குகிறது. தென் அமெரிக்காவின் ஹார்ன் முனைக்கும் அண்டார்டிகா பக்கத்துத் தீவுகளுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர் அகலமுள்ள டிரேக் நீரிணையில்தான் அது நெருக்கிப் பிடிக்கப்படுகிறது. அந்த வழியாகப் போன மாலுமிகள் அதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த நீரோட்டம் செய்கிற வேலை என்ன தெரியுமா? வடக்கிலிருந்து வரும் வெப்பமான மேற்பரப்பு நீரை அண்டார்டிகாவை நெருங்கவிடாமல் நிறுத்தி வைக்கிறது. சுமார் 3 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகா பெரும் பனிக்குள் போனதற்கும் சுற்றியிருந்த நீர்வழிகள் திறந்துகொண்டதற்கும் தொடர்பு உண்டு என்று புவியியலாளர்கள் நெடுநாளாகச் சொல்கிறார்கள் (காற்றில் கரியமில வாயு குறைந்ததுதான் பெரிய காரணம் என்பவர்களும் உண்டு, அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை).

சரி, எல்லை என்று ஒன்று இருந்தால் கப்பலில் போகிறவருக்குத் தெரிய வேண்டாமா? தெரிகிறது. தெற்கே போய்க்கொண்டே இருக்கும் கப்பலில் கடல் நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு வந்தால், அதுவரை மெதுவாகக் குறைந்துகொண்டு வந்தது, சில பத்து கிலோமீட்டர் தூரத்துக்குள் இரண்டு மூன்று டிகிரி சட்டென்று விழும். காற்றில் குளிர் ஏறும், பல சமயம் மூடுபனி வந்து கப்பலைச் சூழ்ந்துகொள்ளும், கூட வரும் பறவைகள் கூட மாறிவிடும். தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீர், வடக்கிலிருந்து வரும் சற்று வெதுவெதுப்பான நீரைச் சந்தித்து அதற்கு அடியில் போய் மறைகிற இடம் அது. அண்டார்டிக் ஒருங்கல் என்பார்கள், துருவ முகப்பு என்றும் சொல்வார்கள். அந்தப் பக்கம் கிரில் என்ற சின்னஞ்சிறு இறால் வகை கூட்டம் கூட்டமாக இருக்கும், அதை நம்பித்தான் திமிங்கிலமும் பென்குவினும் சீலும் பிழைக்கின்றன. இந்தப் பக்கம் வந்தால் அந்த வாழ்க்கை அப்படியே வேறாகிவிடுகிறது. 1980இல் அண்டார்டிகாவின் கடல் உயிர்களைக் காக்க நாடுகள் ஒப்பந்தம் போட்டபோது, நேர்க்கோட்டோடு நிற்காமல், ஏறத்தாழ இந்த ஒருங்கலை ஒட்டித்தான் எல்லையை வகுத்தார்கள். மீனுக்கும் கிரில்லுக்கும் அட்சரேகை தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தென் ஜார்ஜியா என்ற தீவைப் பாருங்கள். 54 டிகிரி தெற்கில் இருக்கிறது. வடக்கே அதே 54 டிகிரியில் அயர்லாந்து இருக்கிறது, பச்சைப் புல்வெளி. தென் ஜார்ஜியாவிலோ பாதிக்கு மேல் நிரந்தரப் பனி, பனியாறுகள் நேராகக் கடலில் வந்து இறங்குகின்றன. அயர்லாந்துக்கு வெதுவெதுப்பான நீரோட்டம் வாய்த்தது ஒரு காரணம், தென் ஜார்ஜியா ஒருங்கலுக்குத் தெற்கே மாட்டிக்கொண்டது இன்னொரு காரணம். அந்தத் தீவைச் சுற்றியிருப்பது அட்லாண்டிக் என்று சில வரைபடங்கள் சொல்கின்றன. அந்தத் தண்ணீரில் கை வைத்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

இங்கேதான் 60 டிகிரி தெற்கு என்ற கோட்டைப் பற்றிப் பேச வேண்டும். இன்று பெரும்பாலான வரைபடங்கள் தென்பெருங்கடலின் வட எல்லையாக அதைத்தான் போடுகின்றன. அந்தக் கோடு உலகை முழுச் சுற்று சுற்றி வந்தாலும் எந்த நிலத்தின் மேலும் ஏறுவதில்லை, அது ஒரு வசதி. 1959இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிகா ஒப்பந்தமும் அதே 60 டிகிரிக்குத் தெற்கேதான் செல்லும், அது இன்னொரு வசதி. ஒருங்கலோ ஓரிடத்தில் நிற்காமல் இடத்துக்கு இடம் வடக்கேயும் தெற்கேயும் வளைகிறது, காலத்தோடு நகர்கிறது. அதை வைத்துச் சட்டம் எழுதுவது கஷ்டம். ஆக, கோடு நிர்வாகத்துக்காக வந்தது. கடல் அதற்கு முன்பே அங்கே இருந்தது. கோடு மனிதர் போட்டது என்பதால் கடலும் மனிதர் கற்பனை என்று வாதிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பெயர் வந்த கதையும் லேசான கதை இல்லை. ரொம்ப காலத்துக்கு ஐரோப்பிய வரைபடங்களில் அந்த இடத்தில் கடலே கிடையாது, பிரம்மாண்டமான ஒரு கற்பனைத் தென்கண்டம்தான் இருந்தது. வடக்கே இவ்வளவு நிலம் இருந்தால் தெற்கேயும் இருந்தாக வேண்டும் என்ற நம்பிக்கையில் வரைந்தது. ஜேம்ஸ் குக் 1773 ஜனவரி 17 அன்று அண்டார்டிக் வட்டத்தைத் தாண்டினார், அவருக்கு முன் யாரும் தாண்டியதாகப் பதிவு இல்லை. அடுத்த ஆண்டு 71 டிகிரி தெற்கு வரைக்கும் போய்ப் பனியில் வழி அடைபட்டுத் திரும்பினார். அண்டார்டிகாவை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. ஆனால் உலகத்தின் அடியில் சுற்றி வந்து, அங்கே இருப்பது ஒரு பெரிய குளிர்ந்த கடல், யாரும் குடியிருக்கக்கூடிய பசுமையான கண்டம் இல்லை என்று காட்டிவிட்டார். கண்டத்தை முதன்முதலில் பார்த்தது 1820இல்தான். அதாவது அங்கே கடல்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, நிலம் பிறகு.

அப்புறம் சர்வதேச நீர்ப்பரப்பியல் அமைப்பின் கதை. கடல்களின் எல்லைகளைச் சொல்லும் ஆவணத்தை அவர்கள் 1928இல் முதன்முதலாக வெளியிட்டபோது தென்பெருங்கடல் அதில் இருந்தது, அதுவும் தாராளமாக, ஹார்ன் முனை, ஆப்பிரிக்காவின் அகுல்ஹாஸ் முனை, ஆஸ்திரேலியாவின் தென்கரை என்று நிலத்தைத் தொட்டுக்கொண்டு. 1937 பதிப்பில் எல்லை தெற்கே நகர்ந்தது. 1953இல் எடுத்தே விட்டார்கள், அந்த நீரை மூன்று கடல்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். வட எல்லை பருவத்துக்குப் பருவம் மாறுகிறது, ஒத்த கருத்து இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். உலகம் முழுக்கப் பிள்ளைகள் நான்கு கடல் என்று படித்ததில் இந்தப் பதிப்புக்கும் பங்கு உண்டு. 2000இல் மறுபடி உறுப்பு நாடுகளைக் கேட்டார்கள். 68 நாடுகளில் பதில் அனுப்பியது 28தான், அதில் அர்ஜென்டினா தவிர மற்ற எல்லா நாடுகளும் தனிக் கடல் வேண்டும் என்றன. பெயருக்கு 18 நாடுகள் தென்பெருங்கடல் என்பதைத் தேர்ந்தெடுத்தன, மீதி 'அண்டார்டிக் பெருங்கடல்' பக்கம். 2002இல் புதிய பதிப்பின் வரைவு தயாரானது. ஆனால் ஜப்பான் கடலா கிழக்குக் கடலா என்று எங்கோ வடக்கே இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருந்த பெயர்ச் சண்டையில் அந்தப் பதிப்பு முழுவதுமே சிக்கிக்கொண்டது. தென்பெருங்கடலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இருந்தும் இதுவும் கூடவே நின்றுபோனது. அந்த அமைப்பு 2020இல் பெயர்களுக்குப் பதில் எண்களால் கடல்களைக் குறிக்கும் மின்வடிவத் தரவுக்குப் போக முடிவு செய்துவிட்டது.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'அதிகாரபூர்வமாக முடிவாகட்டும், அப்புறம் மாற்றலாம்' என்று நீங்கள் காத்திருந்தால் அது நடக்கப் போவதில்லை. அமெரிக்காவின் புவியியல் பெயர் வாரியம் 1999லேயே இந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது. 1915இலிருந்து வரைபடம் போட்டு வரும் நேஷனல் ஜியாகிராபிக் சங்கம், 2021 ஜூன் 8, உலகப் பெருங்கடல் நாளன்று, இனி ஐந்தாவது கடலாகவே காட்டுவோம் என்று அறிவித்தது. அங்கே வேலை செய்கிற விஞ்ஞானிகள் எத்தனையோ காலமாக அப்படித்தான் பேசுகிறார்கள். ஒரு கடலின் பெயர், வரைபடம் அச்சிடுகிறவர்களும் செய்தி எழுதுகிறவர்களும் பழக்கத்தில் வைத்திருப்பதால்தான் நிலைக்கிறது. அந்த வேலையில் நாளிதழுக்கும் பங்கு இருக்கிறது.

எல்லோரும் ஒரே எல்லையைச் சொல்வதில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். ஆஸ்திரேலியர்கள் தங்கள் தென்கரையில் வந்து அடிக்கும் அலையையே தென்பெருங்கடல் என்றுதான் சொல்கிறார்கள், அவர்கள் வரைபடத்திலும் அப்படித்தான் இருக்கும். இது வெறும் சொல் தகராறு இல்லை, நீங்கள் அச்சிடும் எண்களே இதனால் மாறுகின்றன. மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் கடல்கள் உறிஞ்சிக்கொள்வதில் ஏறத்தாழ 40 சதவீதம் தென்பெருங்கடலில் போகிறது என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். அந்தக் கணக்கு 30 டிகிரி தெற்கிலிருந்து கீழே உள்ள நீர் முழுவதையும் சேர்த்துப் போட்டது. பரப்பு சுமார் 2 கோடி சதுர கிலோமீட்டர் என்பது 60 டிகிரியிலிருந்து கீழே. இரண்டையும் ஒரே பெட்டிச் செய்தியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்? ஆழத்திலும் இதே கதைதான். தென் சாண்ட்விச் அகழியின் ஆழமான இடம் 8,200 மீட்டருக்கும் மேல், ஆனால் அது 60 டிகிரிக்கு வடக்கே இருப்பதால் அட்லாண்டிக் கணக்கில் போய்விடுகிறது. அதே அகழி கோட்டைத் தாண்டித் தெற்கே வருகிற முனையில் 7,400 மீட்டர் சொச்சம், 2019இல் ஆளை ஏற்றிய நீர்மூழ்கி அதன் அடியைத் தொட்டது, தென்பெருங்கடலின் ஆகக்கூடிய ஆழம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். எந்த எல்லையை வைத்துக் கணக்கு என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டால் போதும், சண்டை முடிந்தது.

வட துருவத்தையும் தென் துருவத்தையும் போட்டுக் குழப்புவதையும் சொல்லியாக வேண்டும். ஆர்க்டிக் என்பது நிலம் சூழ்ந்த கடல், அண்டார்டிகா என்பது கடல் சூழ்ந்த நிலம், இரண்டும் நேர் எதிர். ஆர்க்டிக்கில் உறையும் பனிக்குத் தப்பிப் போக வழி குறைவு, அதனால் ஆண்டுக்கணக்கில் தங்கிய பனி அங்கே உண்டு, இப்போது அதுதான் கரைந்துகொண்டு வருகிறது. தெற்கே நாலாபக்கமும் திறந்த கடல், பெரும்பாலும் அந்தந்த ஆண்டு உறைந்து அந்தந்த ஆண்டே கரைகிற பனி. பிப்ரவரியில் சுமார் 30 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கி, செப்டம்பரில் 1 கோடியே 80 லட்சம் வரைக்கும் விரியும். அண்டார்டிகா கண்டமே 1 கோடியே 40 லட்சம்தான், கடல் ஒவ்வொரு குளிர்காலத்திலும் தன் மேல் அதைவிடப் பெரிய ஒரு வெள்ளைப் பரப்பைக் கட்டிக்கொள்கிறது.

அது எப்படி நடக்கிறது என்று மாணவர் பக்கத்தில் ஒருமுறை எழுதினால் பிள்ளைகள் ஆசையாகப் படிப்பார்கள். உப்பு நீர் பூஜ்யத்தில் உறையாது, சுமார் மைனஸ் 1.8 டிகிரியில்தான் உறையும். முதலில் ஊசி ஊசியாகப் பனிப்படிகங்கள் தோன்றி நீர் கூழாகக் கெட்டிப்படும், அப்போது கடலின் மேல் ஒரு எண்ணெய்ப் பளபளப்பு வரும், சிறு அலைகள் அடங்கிவிடும். பிறகு அது வட்ட வட்டமாகத் திரண்டு, ஒன்றோடொன்று இடித்து இடித்து விளிம்பு தூக்கிக்கொள்ளும், அந்த வட்டங்கள் ஒட்டிக்கொண்டு கடைசியில் ஒரே பரப்பாகும். உறையும்போது உப்பு வெளியே தள்ளப்படுகிறது. குளிர்ந்து, உப்பேறி, கனத்துப்போன அந்த நீர் வெட்டெல் கடல், ராஸ் கடல் பக்கங்களில் அடிக்கு இறங்கி, கடலடி வழியாக ஊர்ந்து பூமத்திய ரேகையைத் தாண்டி வடக்கே போகிறது. இப்படிப்பட்ட கடலை மூன்று கடல்களின் வால் என்று எப்படிச் சொல்வது? அந்த மூன்றின் அடியிலும் ஓடுவது இங்கேயிருந்து போன தண்ணீர்.

2023 பிப்ரவரியில் தெற்கே கடற்பனி 17 லட்சத்து 90 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கியது, 1979இல் செயற்கைக்கோள் பதிவு தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைவாக இருந்ததில்லை. உலகமே பதறிய செய்தி அது. அந்த மாதிரிச் செய்திக்குக் கூட சில இடங்களில் பனிக்கரடி படம் போடுகிறார்கள். பனிக்கரடி வடக்கே மட்டும்தான், பென்குவின்தான் தெற்கே. படம் தேர்ந்தெடுப்பவர் இதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாக வரைபடம். வழக்கமான நீள்சதுர உலக வரைபடத்தில் இந்தக் கடலைக் காட்டவே முடியாது. உண்மையில் அது ஒரு வளையம், அந்த வரைபடமோ வளையத்தை அறுத்து, நீட்டி, கடைசி வரியில் ஒரு பட்டையாக ஒட்டிவிடுகிறது. இடது ஓரத்தில் முடிகிற நீரும் வலது ஓரத்தில் தொடங்குகிற நீரும் ஒரே நீர் என்று யாருக்கும் தோன்றாது. கண்டமோ கீழே பிய்ந்த ஒரு வெள்ளைக் கோடாக நிற்கிறது. அதனால் அந்த நீரை மேலே இருக்கிற மூன்று கடல்களோடு சேர்த்துப் பார்ப்பதுதான் கண்ணுக்கு இயல்பாகப் படுகிறது. தென் துருவத்தை நடுவில் வைத்து ஒரு வட்ட வரைபடம் போட்டுப் பாருங்கள், ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படாது. நடுவில் கண்டம், சுற்றிலும் முழுக் கடல், அதற்கு வெளியே மூன்று கடல்களும் வந்து தொடுகிற இடம், எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதில் 60 டிகிரிக் கோட்டைப் புள்ளிக் கோடாகவும், ஒருங்கலை நெளியும் கோடாகவும் இரண்டு நிறத்தில் போட்டால் தென் ஜார்ஜியா எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

செப்டம்பரில் தெற்கே பனி உச்சத்துக்குப் போகும், வழக்கம்போல அதைப் பற்றிய செய்தி உங்களிடம் வரும். அந்தச் செய்தியோடு இந்த வட்ட வரைபடத்தைப் போடுங்கள், தென்பெருங்கடல் என்று பெயரையும் அதன் மேல் தெளிவாக அச்சிடுங்கள். மாணவர் பக்கத்தில் வந்த பழைய வரைபடத்துக்கும் ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றாக இருக்கும், அதைப் பார்த்துப் படித்த பிள்ளைகள் இன்னும் அதைத்தான் வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்